மாமனாரின் ஊமை டிவி

காலையில் எழுந்ததும் அவன் ஜன்னலைத் திறப்பான். பல் தேய்ப்பான். கெட்டிலில் தண்ணீர் வைப்பான். அது கொதிப்பதற்குள் முந்தின நாள் பாத்திரங்களைத் துடைத்து அடுக்குவான். இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றி, சர்க்கரை போடாததைக் கூடத்துக்குக் கொண்டுபோவான். மாமனார் அதற்குள் குளித்துத் தலை வாரி சோபா ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். டிவி ஓடும். சத்தம் இருக்காது.

"தூங்கினீங்களா மாப்பிள்ளை?"

"தூங்கினேன் மாமா. நீங்க?"

"எனக்கென்ன, அடிச்சுப் போட்ட மாதிரி."

இருவரும் தூங்கியிருக்க மாட்டார்கள். கோப்பைகளைக் கழுவிவிட்டு அவன் வேலைக்குக் கிளம்புவான். லிஃப்டுகளைப் பரிசோதிக்கும் வேலை. ஏறுவான், இறங்குவான், கயிற்றையும் பிரேக்கையும் பார்ப்பான், கையெழுத்துப் போடுவான். சாயங்காலம் திரும்பும்போதும் டிவி ஓடிக்கொண்டிருக்கும், சத்தமில்லாமல்.

மனைவி போய் இரண்டு மாதமாகிறது. சின்ன ஆபரேஷன் என்று உள்ளே போனாள். மயக்கத்திலிருந்து திரும்பவில்லை. அதற்கு மேல் யாரிடமும் அவன் சொன்னதில்லை.

மாமனார் கப்பலின் எஞ்சின் அறையில் காலம் தள்ளியவர். எஞ்சின் சம்பளத்தைக் கொடுத்துக் காதை எடுத்துக்கொண்டது. பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால் பிடிபடும். டிவி பிடிபட வேண்டுமானால் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைக்க வேண்டும். அப்படி வைத்த நாட்களில் கீழ் வீட்டு அம்மா துடைப்பக் காம்பால் தன் கூரையை இடிப்பாள். இங்கே தரை அதிரும்.

அதற்கு வழி கண்டவள் மகள்தான். தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வாங்கி வந்து டிவியின் பின்னால் சொருகினாள். தன்னுடைய இயர்பட்ஸை அதோடு சேர்த்து அப்பாவின் காதில் மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து டிவி அவர் காதுக்குள் மட்டும் கத்தியது. வீட்டில் பேச்சு மூச்சு இருக்காது, திடீரென்று சோபாவிலிருந்து, "விலாவுல குத்துடா! விலாவுல!" என்று ஒரு கூச்சல் எழும். அவர் பார்ப்பது குத்துச்சண்டை ஒன்றுதான்.

அவளுக்கு இதெல்லாம் கைவந்த வேலை. போன் விற்கும் நிறுவனம் ஒன்றின் உதவி மையத்தில் இருந்தாள். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பேசுவாள். இயர்பட்ஸ் சேரவில்லை, ஒரு காதுதான் கேட்கிறது, போனோடு சேர்த்தால் லேப்டாப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்று எரிந்து விழுந்துகொண்டே ஆட்கள் கூப்பிடுவார்கள். அவள் அவசரப்பட மாட்டாள்.

"சார், முதல்ல அது இப்ப யார்கூட சேர்ந்திருக்குன்னு பாருங்க. பழைய கல்யாணத்த ரத்து பண்ணாம புதுக் கல்யாணம் பண்ணி வைக்க முடியாது சார்."

திட்டிக்கொண்டிருந்தவர் சிரித்துவிடுவார். அடுத்த நிமிஷம் சொன்னபடியெல்லாம் கேட்பார். அவன் பக்கத்து அறையிலிருந்து இதைக் கேட்டு வியந்திருக்கிறான். அவன் பழுதான லிஃப்டைப் பார்ப்பவன். அவள் பழுதான ஆளைச் சரிசெய்துவிட்டுத்தான் கருவிக்கே வருவாள். படிப்பில் வருகிற சாமர்த்தியம் இல்லை அது. அவனும் படித்திருந்தான், அவனுக்கு வரவில்லை.

துக்க வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாவற்றையும் எடுத்துப் புழங்கினார்கள். மேஜைமேல் கிடந்த இயர்பட்ஸையும் ஆளுக்கொரு போனில் சேர்த்துக்கொண்டார்கள். மச்சினன் அதை மாட்டிக்கொண்டுதான் ஊருக்கெல்லாம் சேதி சொன்னான். இயர்பட்ஸின் ஞாபகம் சின்னது. புதுசு சேரச் சேரப் பழசு விழுந்துவிடும். அப்படி விழுந்ததில் டிவியும் ஒன்று.

மாமனார் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டவும் இல்லை. ஊமை டிவியில் இரண்டு பேர் அடித்துக்கொள்வதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். மகளைப் பறிகொடுத்தவர் டிவிக்காக வாய் திறக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. அந்த நெஞ்சுரம் அவனுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

சனிக்கிழமை மச்சினன் போன் செய்தான்.

"அத்தான், நாளைக்கு மத்தியானம் வரேன். அப்பாவோட துணிமணிய எடுத்து வைக்கச் சொல்லுங்க. நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"ம்."

"பொண்ணே இல்லாதப்ப மாப்பிள்ளை வீட்ல என்ன இருப்புன்னு நாலு பேரு கேக்கறாங்க அத்தான்."

"ம்."

போனை வைத்தபின் அவன் சேதியைச் சொன்னான். மாமனார் தலையாட்டிவிட்டு அலமாரி மேலிருந்து சூட்கேஸை இறக்கினார். சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, கப்பலில் மடித்த பழக்கம் போல, சுருக்கமில்லாமல் மடித்தார். அவன் கதவோரம் நின்று பார்த்தான். போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும். எதற்கு இருக்கச் சொல்கிறாய் என்று கேட்டால் பதில் வேண்டுமே? இங்கே அவருக்கு என்ன இருக்கிறது? ஒரு சோபா, ஒரு ஊமை டிவி, வாய் பேசாத ஒரு மருமகன்.

மருமகனைச் சரிசெய்ய வழி தெரியவில்லை. டிவியைச் சரிசெய்து பார்க்கலாம். மேஜை இழுப்பறையிலிருந்து இயர்பட்ஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"என்ன மாப்பிள்ளை?"

"டிவியோட சேர்க்கறேன் மாமா."

"நாளைக்குக் கிளம்பறவனுக்கு இன்னைக்கு எதுக்கு?"

அவன் டிவியின் பின்னாலிருந்து கருவியை வயரோடு முன்னால் இழுத்தான்.

கருவிக்குத் திரை கிடையாது. ஒரே ஒரு பொத்தான், ஒரு சின்ன விளக்கு. அழுத்திப் பிடித்தால் விளக்கு மினுக்கும். தேடுகிறது என்று அர்த்தம். ஆனால் இவன் டப்பாவைத் திறந்ததுமே இயர்பட்ஸ் இவன் போனோடு போய் ஒட்டிக்கொண்டது. மூடினான். திறந்தான். மறுபடி ஒட்டியது.

மாமனார் சூட்கேஸை விட்டுவிட்டு வந்து நின்றார். "படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க? லிஃப்டையும் இப்படித்தான் ரிப்பேர் பண்றீங்களா?"

"லிஃப்ட் நின்ன இடத்துல நிக்கும் மாமா. இது ஓடுது."

கிழவர் சிரித்தார். இரண்டு மாதத்தில் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்துக் கருவியின் விளக்கு மினுக்குவதை நிறுத்தி நீலமாய் நின்றது. சேர்ந்துவிட்டது! அவசரமாக இயர்பட்ஸை அவர் காதில் வைத்தான்.

"கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல."

அவன் காதில் வைத்துப் பார்த்தான். கப்சிப். விளக்கு சேர்ந்துவிட்டேன் என்கிறது. யாரோடு சேர்ந்தது?

அழைப்பு மணி அடித்தது. கீழ் வீட்டு அம்மா. தோளில் துண்டு, முகத்தில் வியர்வை.

"உங்க மாமனார் எங்க வீட்ல குத்துச்சண்டை பாக்கறாரு," என்றாள்.

"என்னங்க?"

"நான் மூச்சுப்பயிற்சி சொல்லிக்குடுக்கறேன்ல? ஏழெட்டுப் பொம்பளைங்க கண்ணை மூடிப் படுத்திருக்காங்க. 'மனசை லேசாக்கிக்குங்க, மெதுவா மூச்சை விடுங்க'ங்கறேன். என் ஸ்பீக்கர் 'தாடையப் பேத்துட்டான்!'ங்குது. ஒரு அம்மா அலறிட்டு எந்திரிச்சிட்டாங்க."

கருவி தேடித் தேடிக் கடைசியில் கீழ் வீட்டு ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். பின்னாலிருந்து மாமனார் தலையை நீட்டினார்.

"யாரும்மா ஜெயிச்சான்?"

"நீல நிக்கர் போட்டவனாம். இன்னொருத்தன் விழுந்தவன் எழுந்துக்கவே இல்லையாம்."

"நினைச்சேன்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு கூடத்தை எட்டிப் பார்த்தாள். டிவிக்கு முன்னால் தரையில் கிடந்த டப்பாவைப் பார்த்தாள். குரல் தணிந்தது.

"அந்த ஸ்பீக்கரை என் போனோட சேர்த்துக் குடுத்ததே உங்க வீட்டுக்காரம்மாதான், தெரியுமா? நான் கூரைய இடிச்சதுக்குச் சண்டைக்குத்தான் வராங்கன்னு புடவைய இழுத்துச் சொருகிட்டு நின்னேன். 'அக்கா, இனிமே உங்க துடைப்பம் பெருக்கறதுக்கு மட்டும்தான்'னாங்க. உள்ள வந்து என் ஸ்பீக்கரையும் சரி பண்ணிட்டு, பயிற்சியும் ஒரு மணி நேரம் பண்ணிட்டுத்தான் போனாங்க. அப்படி ஒரு பொண்ண நான் பாத்ததில்ல தம்பி."

அவனுக்கு இது தெரியாது. அவள் சொன்னதில்லை. செய்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை அவள்.

"நான் போய் ஸ்பீக்கரை அணைக்கறேன். நீங்க நிதானமா சேர்த்துப் பாருங்க," என்று படியிறங்கினாள்.

அவன் நிதானமானான். மனைவி போனில் சொல்வதை நினைத்துக்கொண்டான். முதலில் அது யாரோடு சேர்ந்திருக்கிறது? தன் போனில் இயர்பட்ஸின் பெயரைத் தேடி, மறந்துவிடு என்பதை அழுத்தினான். ப்ளூடூத்தையும் அணைத்தான். டப்பாவின் பொத்தானை ஒரு கையிலும் கருவியின் பொத்தானை மறு கையிலும் அழுத்திப் பிடித்தான். இரண்டு விளக்கும் மினுக்கின. இரண்டும் நின்றன.

மாமனார் காதில் வைத்தான்.

கிழவரின் முதுகு நிமிர்ந்தது. புருவம் ஏறியது. "எந்திரிடா! எந்திரிச்சு நில்லுடா, எருமை!" என்று வீடு அதிரக் கத்தினார். கீழேயிருந்து ஒரு இடிகூட வரவில்லை.

ஆனால் சூட்கேஸ் மூடியபடி வாசலோரம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். சாப்பிட்டார்கள். போகாதீர்கள் என்று சொல்ல மருமகன் மூன்று தடவை தொண்டையைக் கனைத்தான். மூன்று தடவையும் தண்ணீர் குடித்தான். சாப்பாடு முடிந்ததும் மச்சினன் போனோடு பால்கனிக்குப் போய் மனைவியுடன் பேசத் தொடங்கினான்.

மாமனார் டப்பாவைத் திறந்தார். போகிற வரைக்குமாவது ஒரு சண்டை பார்க்கலாம் என்று நினைத்திருக்கலாம். இரண்டையும் காதில் மாட்டிக்கொண்டார். டிவி ஊமையாகவே நின்றது. பால்கனியில் மச்சினன், "ஹலோ? ஹலோ? கேக்கலையே," என்று போனைத் தட்டினான். பால்கனிக் கதவுக்கு இந்தப் பக்கம் மாமனார் முகம் மாறியது. கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டார்.

"நான்தாம்மா பேசறேன். சொல்லு," என்றார்.

மருமகன் எழுந்தான். இயர்பட்ஸ் பழைய பழக்கத்தில் மச்சினனின் போனைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

மச்சினன் உள்ளே ஓடிவந்தான். "அப்பா, யார்கிட்டப் பேசறீங்க?"

"உன் பொண்டாட்டிகிட்ட. எனக்காகப் பசங்க ரூம்ல கட்டில் போட்டாச்சாம். பரீட்சை முடியற வரைக்கும் பசங்க கூடத்துல படுத்துப் படிக்கட்டும்ங்கறா. நல்ல பொண்ணு. ஆனா பசங்க எதுக்குடா கூடத்துல படுக்கணும்?"

மருமகன் மச்சினனின் போனை வாங்கினான். இயர்பட்ஸின் பெயரைத் தேடி மறக்கவைத்தான். மாமனார் காதிலிருந்ததை வாங்கி டப்பாவில் போட்டு டிவியின் கருவியோடு மறுபடி சேர்த்தான். இந்தத் தடவை கை தடுமாறவில்லை.

மச்சினன் தலையைச் சொறிந்தான். "அதெல்லாம் பாத்துக்கலாம்பா. அத்தானுக்கு எதுக்குச் சுமை? அக்கா கடைசியா 'அப்பாவைப் பாத்துக்குங்க'ன்னு சொல்லிட்டாங்க. அந்த ஒரு சொல்லுக்காக அவரு உங்களைத் தாங்கிட்டு இருக்காரு. அத்தான், அந்தக் கடமையிலேருந்து உங்களை நான் விடுவிச்சிடறேன். சின்ன வயசு உங்களுக்கு."

மாமனார் மெல்லத் திரும்பி மருமகனைப் பார்த்தார். பையன் பக்கத்தில் நின்று உரக்கச் சொன்னதில் எல்லாம் கேட்டிருந்தது. அந்தச் சொல்லுக்காகத்தானா என்று அந்தப் பார்வை கேட்டது.

துக்க வீட்டில் யாரோ தொடங்கிவைத்த பேச்சு அது. கேட்க நன்றாக இருந்ததால் எல்லோரும் சொன்னார்கள். அன்று அவனுக்கு மறுக்கத் தெம்பில்லை.

"அவ அப்படிச் சொல்லல மச்சான்," என்றான்.

"சொல்லலையா?"

"சொல்லல. யாரும் எனக்குக் கடமை குடுக்கல. காலையில தேநீர் போட்டா குடிக்க இன்னொரு ஆள் வேணும். மாமா இருந்தா எனக்கு நல்லா இருக்கும். அவ்வளவுதான்."

இரண்டு மாதத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அது. முடித்ததும் காது மடல் சுட்டது.

மாமனார் மகனிடம், "அந்தப் பெட்டிய எடுத்து உள்ள வைடா," என்றார். "பசங்களுக்குப் பரீட்சை முடிஞ்சதும் வந்து ரெண்டு நாள் இருக்கேன்."

மச்சினன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். முணுமுணுத்தான், ஆனால் தூக்கினான்.

மாமனார் டப்பாவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மருமகன் பக்கமாகச் சாய்ந்தார்.

"பின்ன என்னதான் மாப்பிள்ளை சொன்னா, எம் பொண்ணு?"

ஆபரேஷன் அறைக் கதவு. தள்ளுவண்டியில் படுத்திருந்தாள். பயந்த மாதிரி இல்லை. டப்பாவை அவன் கையில் திணித்துவிட்டு, உதவி மையத்தில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்:

"அப்பாவ ஒரு காதுல மட்டும் மாட்டிக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு சும்மா இருக்கட்டும், நான் வந்து கூப்பிட்டா கேக்கணும்ல."