மொட்டைத் துறவியின் பிடி

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த சைவ ஹோட்டலில் மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு, மூன்றரை மணிக்குத்தான் வீரபாண்டிக்கு ஓய்வு. அன்று அவன் கடைசி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒருவன் நின்று அவனையே பார்த்துச் சிரித்தான். கண்ணாடி போட்டிருந்தான். கொஞ்சம் தொப்பையும் இருந்தது.

“அண்ணாச்சி, என்னைத் தெரியலையா?”

சிரிப்பை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. வலியசாலை அனந்தபத்மநாபன். பார்த்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

தொண்ணூற்றாறில் சாலைக் கடைத்தெருவில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. அங்கே ‘கோப்ரா கிளாஷ்’ என்ற சண்டை விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்தபோது வீரபாண்டிக்கு வயது இருபத்திரண்டு. தென்காசிப் பக்கமிருந்து மலை தாண்டி இந்த மலையாள ஊருக்கு வந்து இதே ஹோட்டலில் தோசை போட்டுக்கொண்டிருந்தான். அனந்தபத்மநாபன் அப்போது கல்லூரி முதல் வருஷம். இருவரும் வேறு எங்கேயும் ஒன்றாக உட்கார்ந்ததில்லை. அந்த மெஷினுக்கு முன்னால் மட்டும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். வீரபாண்டியின் ஆள் மொட்டைத் துறவி. மெதுவாக நடப்பான், ஆனால் எதிராளியின் இடுப்பைப் பிடித்துவிட்டால் தலைக்குமேல் தூக்கித் தரையில் அறைவான். அனந்தன் எடுப்பது பச்சை உடுப்புக்காரியை. அவள் காலை வீசினால் கண்ணுக்குத் தெரியாது. தோற்றவனைப் பார்த்து ஜெயித்தவன் வாய்விட்டுச் சிரிப்பான். அதில் இரக்கமே கிடையாது.

பிறகு மூன்றாம் பாகம் வந்தது. படம் பளபளவென்று இருந்தது. அடியில் மட்டும் கனம் இல்லை. நான்காம் பாகத்தில் மொட்டைத் துறவியையே எடுத்துவிட்டார்கள். கூட்டம் குறைந்தது, கடையையும் மூடினார்கள். அனந்தன் படிப்பு முடிந்து சென்னைக்குப் போனான்.

“அக்கா கல்யாணத்துக்கு லீவுல வந்திருக்கேன். அண்ணாச்சி, அஞ்சாம் பாகம் வந்திருக்கு. நம்ம ரெண்டாம் பாகம் மாதிரியே பண்ணியிருக்கான். மொட்டையும் திரும்பி வந்தாச்சு! ஸ்டாச்யூ ஜங்ஷன் பக்கம் ஒரு கேம் சென்டர்ல இருக்கு, வாங்கோ.”

வீரபாண்டி துடைத்த துணியை வலது கைமேல் போட்டுக்கொண்டான். “அதெல்லாம் எதுக்கு சாமி இப்போ? மறந்தே போச்சு, கேட்டியா.”

“மறக்கறதாவது! வாங்கோ.” அனந்தன் உரிமையோடு கையைப் பிடித்து இழுத்தான். துணி நழுவியது.

வீரபாண்டியின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பாதிக்குமேல் இல்லை. நாலு வருஷத்துக்கு முன் கிரைண்டர் பெல்ட்டில் போனவை. அதற்குப் பிறகுதான் தோசைக்கல்லை விட்டுவிட்டு மேசை துடைக்க வந்தான்.

அனந்தனின் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்காமல் வீரபாண்டியே, “சரி, நட. அஞ்சு மணிக்குள்ள திரும்பணும்” என்றான்.

சென்டரில் ஏசி போட்டிருந்தார்கள். பழைய மெஷின் மாதிரி நின்று ஆடுவதில்லை. சோபாவில் உட்கார்ந்து கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பொத்தானையும் வலது கட்டைவிரலுக்கென்றே வைத்திருந்தார்கள். வீரபாண்டி அதை மடியில் கிடத்தி, இடது கையால் ஆளை நகர்த்தி, வலது கையில் மிஞ்சிய மூன்று விரல்களால் மேலிருந்து குத்தினான்.

திரையில் மொட்டைத் துறவி வந்தான். அதே நடை. முதல் அடி விழுந்தபோது வீரபாண்டியின் நெஞ்சுக்குள் ஏதோ அதிர்ந்தது. கனம் திரும்பியிருந்தது. அனந்தன் சொன்னது பொய்யில்லை.

முதல் ஆட்டம் வீரபாண்டி ஜெயித்தான். இரண்டாவதும் ஜெயித்தான். மூன்றாவதில் அவன் விரல் தவறி துறவி சும்மா நின்றான். பச்சை உடுப்புக்காரியும் பக்கத்தில் வந்து சும்மா நின்றாள்.

வீரபாண்டி கன்ட்ரோலரைக் கீழே வைத்தான்.

“ஏன் அடிக்கலை?”

“இல்லை அண்ணாச்சி, எனக்கும் பழக்கம் விட்டுப்போச்சு...”

“பொய் சொல்லாதே. என் ஹோட்டல்ல நாள் முழுக்க எல்லாவனும் இந்தக் கையைப் பாத்துட்டு உச்சுக் கொட்டுதான். நீயுமா? நீ ஒருத்தன்தாம்லே என்னை மனுசனா நெனச்சு அடிச்சவன்.”

அனந்தன் தலை குனிந்திருந்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“ஆடு. ஒழுங்கா ஆடு” என்றான் வீரபாண்டி.

அதன்பிறகு அனந்தன் ஒழுங்காக ஆடினான். வீரபாண்டி ஏழு ஆட்டம் தொடர்ந்து தோற்றான். எட்டாவதில் ஒரே ஒரு முறை அவளைச் சுவரோரம் நெருக்கினான். பிடிக்கு மூன்று பொத்தானை ஒன்றாக அழுத்த வேண்டும். மூன்று விரலையும் விரித்து அழுத்தினான். துறவி அவள் இடுப்பைப் பிடித்துத் தலைக்குமேல் தூக்கினான். வீரபாண்டியையறியாமல் ஒரு சத்தம் வெளியே வந்தது. அறைவதற்கு இன்னும் ஒரு பொத்தான் இருந்தது. அதை எட்டுவதற்குள் அவள் உதறிக்கொண்டு இறங்கி, காலை வீசி முடித்துவிட்டாள்.

அனந்தன் சிரிக்கவில்லை. சிரிக்க முயன்றான், வரவில்லை.

“நல்லாத்தான் கொண்டாந்திருக்கான்” என்று சொல்லிவிட்டு வீரபாண்டி எழுந்தான்.

“நாளைக்கும் வரலாமா அண்ணாச்சி?”

“வேண்டாம் சாமி. நீ போய் கல்யாண வேலையைப் பாரு.”

மறுநாள் மூன்றரைக்கு அனந்தன் ஹோட்டலுக்கு வந்தான். வீரபாண்டி பின்கட்டில் இலைக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, ஆள் இல்லையென்று சொல்லச் சொன்னான். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கல்லாவில் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது, மேலே ‘வீரபாண்டி அண்ணாச்சிக்கு’ என்று எழுதி. வலியசாலையில் இருந்த கல்யாண வீடு கூப்பிடு தூரம்தான். அவன் போகவில்லை.

அனந்தன் சென்னைக்குப் போய் ஒரு வாரம் ஆன பிறகு ஒரு மதியம் வீரபாண்டி தனியாக அந்த சென்டருக்குப் போனான். உள்ளே போகாமல் கண்ணாடிக்கு வெளியே நின்றான். கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாரும் மொட்டைத் துறவியை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருவன் கதவைத் திறந்து, “சேட்டா, களிக்கணோ? வரூ” என்று மலையாளத்தில் ஆட வரச்சொல்லிக் கூப்பிட்டான்.

“வேண்டா மோனே” என்று சொல்லிவிட்டு, மழை பிடிக்கும் முன்னே போய்ச் சேரவேண்டுமென்று கிழக்கேகோட்டையைப் பார்த்து நடந்தான்.