நான்கு துறையும் ஒரு குப்பைப் பையும்

ஒரே ஒரு குப்பைப் பையைக் கிளறி, அதைப் போட்டவனின் பல், பதவி, நோய், அவன் வீட்டில் யார் ராஜ்யம் என்பது வரை பதினோரு நிமிடத்தில் புட்டுப்புட்டு வைத்தவன் இந்த உலகத்திலேயே நான் ஒருத்தன்தான். மானிடவியல் துறையில் முப்பத்தொரு வருடம் எலும்பு கழுவி ஓய்வு பெற்றவனுக்கு இதெல்லாம் சுண்டைக்காய்.

நம்பாதவன் ஒரே ஒருத்தன், என் மச்சினன். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர்.

அன்று காலை இரண்டாம் மாடிப் படியில் ஒரு கறுப்புப் பை வெடித்துக் கிடந்தது. நாற்றத்தில் சுவர் சுண்ணாம்பு உரிந்தது. லிஃப்ட் மேலே வர மறுத்தது. பழுப்புத் தண்ணீர் படிப்படியாக இறங்க, அதில் புழுக்கள் நீச்சல் பழகின.

மச்சினன் மூக்கைப் பொத்திக்கொண்டு, கூட்டிப் பெருக்கும் அக்காவிடம் கத்திக்கொண்டிருந்தான்.

"இன்னையோட நீ நின்னுக்கலாம்!"

"சார், மக பிரசவத்துக்குப் போயிட்டு நாலு நாள் கழிச்சு இப்பதான் வரேன். இந்த வேலைய விட்டா எனக்கு வேற கதியில்ல சார்."

"போறதுக்கு முன்னாடி எடுக்காம விட்ட பைதானே இது?"

"பொறு மாப்ளே," என்று கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "மனுஷனைப் படிக்க எங்க துறையில நாலு வழி."

"மச்சான், இது குப்பை. கல்லறை இல்ல."

"கல்லறை பொய் சொல்லும். நல்ல சட்டையா பாத்துப் போட்டுத்தான் புதைப்பாங்க. குப்பைக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது."

அதற்குள் மாடியே கூடிவிட்டது. மச்சினன் மனைவியும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வந்து நின்றாள்.

முதலில் தொல்லியல். கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. பையின் அடியில், கொழகொழவென்று ஊறிய செய்தித்தாளை இரண்டு விரலால் உரித்தேன். கையில் வழிந்ததை வர்ணித்தால் நீங்கள் இன்று சாப்பிட மாட்டீர்கள். தேதி மட்டும் தெளிவாக இருந்தது. அக்கா ஊருக்குப் போன மறுநாள்!

"அவ போனதுக்கு அப்புறம் சேந்த குப்பை இது," என்றேன். அக்கா அழுகையை நிறுத்தினாள்.

அடுத்தது உடல் மானிடவியல். பச்சைப் பூஞ்சை பூத்த ரொட்டித் துண்டில் கடித்த தடம். நடுவில் ஒரு பல்லுக்கான இடம் காலி. கூட்டம் சிரித்தது. மச்சினன் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டான்.

மூன்றாவது மொழியியல். எண்ணெய் பிசுக்கேறிய ஒரு சீட்டு, கறிக்கடைக்கு எழுதியது. உரக்கப் படித்தேன்: "ஆட்டுக்கறி அரைக் கிலோ, எலும்புடன், காலதாமதமின்றி வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

"கறிக்கடைக்கே அறிக்கை விடுற ஆளு யாருப்பா?" என்று யாரோ கேட்க, எல்லாத் தலையும் செயலாளர் கையெழுத்தோடு தாள்கள் தொங்கும் அறிவிப்புப் பலகை பக்கம் திரும்பியது.

"யார் வேணாலும் எழுதியிருக்கலாம். நான் நம்பல," என்றான் மச்சினன், பல் தெரியாமல்.

கடைசியாகப் பண்பாட்டு மானிடவியல். மனுஷன் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று; அதற்கு நடுவில்தான் எங்கள் பிழைப்பு. எலும்புகளைத் தூக்கிக் காட்டினேன். ஊன் உறிஞ்சி, நக்கி, வெள்ளைவெளேரென்று இருந்தன; எறும்புகூட ஏமாந்து திரும்பியிருந்தது.

"ஆசைக்குத் தின்னா இப்படி உறிஞ்ச மாட்டான். டாக்டர் கறி வேணாம்னு சொல்லி, வீட்டுல பத்தியச் சோறு போடுறாங்க. சொந்த வீட்டுக் குப்பைக்கூடையில போட்டா மாட்டிக்குவான். அதான் எங்கயோ ஒளிச்சு வெச்சு, அழுகினதும் படியில தள்ளிட்டான்."

"அண்ணே," என்றாள் மச்சினன் மனைவி மெதுவாக, "இவருக்கு மூணு மாசமா நான் வெறும் கஞ்சிதானே குடுக்கறேன்?"

"அதை என்னைக் கேக்காதம்மா. மாப்ளே, ஆளு யாருன்னு நான் சொல்லல. இந்த அக்கா வேலைய விட்டுப் போகணுமா, வேலையில இருக்கணுமா? அதை மட்டும் நீ சொல்லு."

மச்சினன் தன் மனைவியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், புழுக்களையும் பார்த்தான். பிறகு அந்த ஓட்டைப் பல் தெரிய வாயைத் திறந்தான்.

"அக்கா வேலையில இருக்கட்டும். படிய நான் கழுவறேன். மச்சான் சொன்ன எல்லாமே நடந்ததுதான்."