வெள்ளையோடு பச்சை

1

இந்தக் கதை என் முட்டாள்தனத்தில் பிறந்தது. சென்ற தீபாவளிக்கு, தானாக நிறம் மாறி ஓடும் எல்.இ.டி. சரங்கள் இரண்டு வகை வாங்கினேன். இரண்டையும் இணைக்க, கம்பிகளைச் சிவப்போடு சிவப்பு, பச்சையோடு பச்சை, வெள்ளையோடு வெள்ளை என்று முறுக்கினேன். ஒரு விளக்கு கருகிப்போனது. ஒரு வகையில் பச்சைக் கம்பியில் நிறத்தை மாற்றச் சொல்லும் சிக்னல், வெள்ளை மைனஸ். மற்றதில் அப்படியே தலைகீழ். சிவப்பு மட்டும்தான் இரண்டிலும் பவர். இதை எனக்கு விளக்கியவள் மலேசியாவில் சுங்கை பட்டாணி என்ற ஊரின் தொழிற்சாலைப் பெண் ஒருத்தி. கதையில் அவளுக்குப் பேட்ரிசியா என்று பெயர்.

2

முதல் தொடக்கம்: மெர்போக் எஸ்டேட் கோயில் இரதம் அந்தி வெயிலில் ஒரு மகாராணியைப் போல— வேண்டாம்.

இரண்டாவது: பேட்ரிசியா இரதத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். (மாதா கோயில் பெண்ணுக்கு அம்மன் இரதத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: அங்கே கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கூரை போடுபவர் அம்மன் கோயில் பூசாரி. மேற்கொண்டு கேட்காதீர்கள்.)

இரதத்தின் பக்கங்களில் பழைய வகைச் சரம், மேலே குடையில் புதிய வகை. அவள் நிறத்தை நம்புகிற ஆள் இல்லை. ஒவ்வொரு கம்பியையும் மீட்டரால் சோதித்து, எட்டு இடத்தில் வெள்ளையோடு பச்சையை இணைத்தாள். அத்தனை பொறுமை எனக்கு ஏழு பிறப்பிலும் வராது.

கோயில் தலைவர் சிவநேசன் காலையிலேயே சொல்லியிருந்தார்: "ஆறு மணிக்கு இரதம் கெளம்பணும். ஏதாச்சும் கோளாறுன்னா அடுத்த வருஷம் பினாங்கு கம்பெனிதான் லா, தங்கச்சி."

தொழிற்சாலையை விட்டுவிட்டு விளக்கு அலங்காரத்தையே தொழிலாக்க நினைத்தவளுக்கு இதுதான் முதல் வேலை.

3

இங்கே ஒரு வில்லன் தேவைப்பட்டார். காளிதாசனைக் கூட்டிவந்தேன், இருபது வருடமாகக் கோயில் வயரிங் முழுக்க அவர் கைதான். பொறாமையில் அவர் விரல்கள் நடுங்— இல்லை. எழுதும்போதே பொய் என்று தெரிந்தது.

நடந்தது இதுதான். பேட்ரிசியா சாப்பிடப் போயிருந்தாள். வெள்ளையோடு பச்சை சேர்ந்திருப்பதைக் காளிதாசன் பார்த்தார். வீட்டு வயரிங்கில் பச்சை என்றால் எர்த். அதை வேறு நிறத்தோடு கட்டினால் ஆள் போய்விடும். பாவம், பிள்ளை அவசரத்தில் மாற்றிவிட்டது, யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடுவோம் என்று எட்டையும் பிரித்து நிறத்துக்கு நிறம் கட்டினார். அன்பில்தான் செய்தார்.

ஐந்து மணிக்கு சுவிட்சைப் போட்டார்கள். பக்கங்களில் வண்ணம் ஓடியது. குடை இருட்டாகவே இருந்தது.

4

சாப்பிட்டுவிட்டு வந்த பேட்ரிசியா முடிச்சுகளைப் பார்த்தாள். "அண்ணே, இதுல யாராச்சும் கை வச்சீங்களா?"

காளிதாசன் முன்னால் வந்தார். "நாந்தாம்மா. பச்சை தப்பா இருக்குன்னு... சரி பண்ணலாம்னு..."

அவள் திட்டுவதற்கென்று மூன்று வரி சூடாக எழுதி வைத்திருந்தேன். சீந்தவே இல்லை.

"பரவால்லண்ணே. ஒவ்வொரு சரத்துலயும் மொத லைட்டு போயிருச்சு. அத வெட்டிட்டு ரெண்டாவதுல கட்டணும். நீங்க கம்பி உரிச்சுக் குடுங்க, நான் கட்டுறேன். டைம் இல்ல லா."

என்ன பெண் இவள்! நான் உண்டாக்கிய பாத்திரம்தான், ஆனாலும் வியப்பு அடங்கவில்லை. ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது குடையில் விளக்கு எரிந்தது. கூட்டம் "ஓ" என்று கத்தியது. நானும்தான்.

5

சிவநேசன் வந்தார். "இப்ப சரி. அஞ்சு மணிக்கு ஏன் எரியல? யாரு தப்பு? கமிட்டியில கேப்பாங்க."

முடிவு அ: காளிதாசன் ஒப்புக்கொள்கிறார். (எழுதிப் பார்த்தேன். வாயைத் திறக்கிறார், பிறகு குனிந்து கம்பித் துண்டுகளைப் பொறுக்குகிறார். இருபது வருட மரியாதை விடவில்லை.)

முடிவு ஆ: பேட்ரிசியா உண்மையைச் சொல்லி அடுத்த வருட வேலையைக் காப்பாற்றிக்கொள்கிறாள். நியாயமான முடிவு. நான்கு முறை எழுதினேன். "காளி அண்ணன்தான்" என்று அவள் வாயில் போட்டால், "நாந்தான் தலைவரே, கம்பிக்கு லேபல் ஒட்ட மறந்துட்டேன்" என்று மாற்றிச் சொல்கிறாள். வேலை போய்விடும் என்று எடுத்துச் சொன்னேன். கேட்பதாக இல்லை.

பேனா இதோ. முடிந்தால் நீங்கள் சொல்லவைத்துப் பாருங்கள்.