வெள்ளைக் குட்டி யார் பக்கம்?

சம்பந்திகள் சண்டை போட்டுக்கொள்ள உலகத்தில் காரணத்துக்குப் பஞ்சமா என்ன? இருந்தும் தையல்காரம்மாவுக்கும் பூட்டுக்காரருக்கும் ஒரு முயல்குட்டியை வைத்துத்தான் சண்டை வந்தது. அதுவும் இன்னும் கண்கூடத் திறக்காத குட்டி.

தையல்காரம்மாவின் பெண்ணைப் பூட்டுக்காரரின் பையனுக்குக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. பூட்டுக்காரர் பட்டறை மாடியில் கருப்பு முயல் வளர்க்கிறவர். அவருடைய ஆண் முயலின் பெயர் துரை. தையல்காரம்மாவிடமும் ஒரு கருப்பு முயல் உண்டு. மெஷினுக்கு அடியில், வெட்டித் தள்ளிய துண்டுத் துணிகளுக்கு நடுவே தனியாக வளர்ந்த பெண் முயல். அதன் பெயர் கரிச்சட்டி. மாப்பிள்ளை வீடு எது, பெண் வீடு எது என்று பெயரைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

"நம்ம பிள்ளைங்களுக்கு முடிச்ச மாதிரி இதுங்களுக்கும் முடிச்சு வச்சிடுவோம் சம்பந்தியம்மா" என்று பூட்டுக்காரர்தான் ஆசையாகக் கூடையோடு வந்து கரிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். போன அன்றே துரையின் கூண்டில் விட்டார். ஒரு மாதத்தில் ஐந்து குட்டி. ரோமம் முளைத்த பிறகு பார்த்தால் நாலு கருப்பு, ஒன்று பால் வெள்ளை.

பேரக்குட்டிகளைப் பார்க்க வந்த தையல்காரம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"எங்க துரை வம்சத்துல வெள்ளைங்கிற பேச்சே கிடையாது" என்றார் பூட்டுக்காரர்.

"எங்க கரிச்சட்டியோட அம்மாவும் கருப்பு, அப்பாவும் கருப்பு. ஒருவேளை யாராவது கூண்டைத் திறந்து வச்சிருப்பாங்க. பக்கத்து மாடி வெள்ளை உள்ள புகுந்திருக்கும்."

சமாதானமாகப் போகட்டும் என்று நினைத்துத்தான் அவள் அப்படிச் சொன்னாள். ஆனால் ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டாமா? முப்பது வருஷமாகப் பூட்டு செய்கிற மனுஷனிடம் போய் உன் பூட்டை எவனோ திறந்துவிட்டான் என்றால் அவர் சும்மா இருப்பாரா?

"என் பூட்டையா? என் சாவி இல்லாம நானே திறக்க முடியாது! அப்படின்னா ஒண்ணுதான் நடந்திருக்கணும். உங்க வீட்டுல இருந்து வரும்போதே சுமந்துக்கிட்டு வந்திருக்கு."

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மகள் அதைக் கேட்டாள். அவளுக்கு மூன்றாம் மாதம். கையிலிருந்த ஈரச் சட்டையை வாளியிலேயே போட்டுவிட்டு வந்தாள்.

"மாமா, நாளைக்கு என் பிள்ளை இந்த வீட்டுல யார் ஜாடையும் இல்லாமப் பிறந்தா, எனக்கும் இதே பேச்சுதானா?"

'சீச்சீ, என்னம்மா பேசறே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. அவர் குனிந்து கூண்டின் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அன்று சாயங்காலமே அம்மாவோடு கிளம்பிவிட்டாள். அந்தப் பேச்சை அவர் வாயாலேயே திரும்ப எடுத்துக்கொண்டால்தான் வருவேன் என்றாள். மாப்பிள்ளை தினமும் வேலை முடிந்து வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்றால் அது அவன்தான்.

தையல்காரம்மாவுக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் இரண்டையும் தாண்டி ஒரு குடைச்சல். மெஷின் ஓடும்போதெல்லாம் அது மண்டைக்குள் ஓடியது. கரிச்சட்டி தன் அறையை விட்டு வெளியே போனதில்லை, அது அவளுக்குத் தெரியும். அவர் பூட்டையும் எவனும் திறக்க முடியாது, அதையும் அவள் நம்பினாள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்கிறோம். கருப்பு நூலைக் கோர்த்துத் தைத்த துணியில் வெள்ளைத் தையல் விழுமா? தெரியாமல் இருக்க முடியவில்லை. பாதி தைத்த ஜாக்கெட்டை அப்படியே வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போனாள்.

மருத்துவர் சின்ன வயசுப் பெண். ஒரு பூனைக்குக் காதில் மருந்து விட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"இதுல அதிசயம் ஒண்ணும் இல்லம்மா. வெள்ளைங்கிறது ஒடுங்கு பண்பு. கருப்பு ஓங்கு பண்பு."

"ஒடுங்கிப்போச்சுன்னா? செத்துப்போச்சா?"

"சாகல. சத்தம் போடாம உள்ள இருக்கு. ஒவ்வொரு முயலுக்கும் நிறத்துக்குன்னு ரெண்டு சரக்கு உண்டு. ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. ரெண்டுல ஒண்ணு கருப்பா இருந்தாப் போதும், முயல் கருப்பாத்தான் தெரியும். வெள்ளை உள்ள இருக்கிறது வெளிய தெரியாது."

"அப்போ மேல கருப்புத் துணி, உள்ள வெள்ளை லைனிங்."

மருத்துவர் சிரித்தாள். "அப்படியே வச்சுக்குங்க. ஆனா குட்டிக்குக் குடுக்கும்போது ரெண்டையும் குடுக்காது. ஒண்ணைத்தான் குடுக்கும். எதைக் குடுக்கும்னு அதுக்கும் தெரியாது, பூவா தலையா மாதிரிதான். அம்மாவும் வெள்ளையைக் குடுத்து, அப்பாவும் வெள்ளையைக் குடுத்தா, குட்டி வெள்ளை."

தையல்காரம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "அப்பா மட்டும் குடுத்தா?"

"கருப்புதான் வரும்."

"அம்மா மட்டும் குடுத்தா?"

"அப்பவும் கருப்புதான்."

ஒரு கை தட்டினால் ஓசை வராது. அப்படியானால் தன் கரிச்சட்டிக்குள்ளும் ஒரு வெள்ளை ஒளிந்திருக்கிறது! அவளுக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இத்தனை நாள் மடியில் வைத்துத் தடவிய முயலின் உள்ளே என்ன இருக்கிறதென்று அவளுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. ஆனாலும் அந்த இன்னொரு கை துரையுடையதுதானா? அதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டாள்.

"துரையை ஒரு வெள்ளைப் பெண் முயலோட சேர்த்துப் பாருங்க. வெள்ளை முயல்கிட்ட குடுக்க வெள்ளை மட்டும்தான் இருக்கு. ஒரே ஒரு வெள்ளைக் குட்டி பிறந்தாலும் துரைக்குள்ள வெள்ளை இருக்குன்னு அர்த்தம். ஆனா ஒண்ணு, எல்லாம் கருப்பாவே வந்தா துரைகிட்ட வெள்ளை இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. பூவா தலையால அந்தத் தடவை எல்லாத்துக்கும் கருப்பே விழுந்திருக்கலாம்."

பூட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் தையல்காரம்மாவுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். கருப்பு என்றால் கருப்பு, அதற்குள் வெள்ளை எங்கிருந்து வரும் என்றார். அவள் பட்டறைச் சுவரைப் பார்த்தாள். பெரிய கடைகளுக்கு அவர் செய்து கொடுக்கும் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. இரண்டு பேர் இரண்டு சாவி போட்டால்தான் அது திறக்கும்.

"இந்தப் பெட்டி ஒரு சாவியில திறக்குமா சம்பந்தி?"

"எப்படித் திறக்கும்? ரெண்டும் விழணும்."

"அந்த வெள்ளையும் அப்படித்தான். ஒரு சாவி எங்க வீட்டுது. அதை நான் ஒத்துக்கறேன். இன்னொண்ணு யாருதுன்னு பார்த்துடுவோம்."

பூட்டு என்று வந்துவிட்டால் திறந்து பார்க்காமல் அவருக்கும் இருப்புக் கொள்ளாது. எங்கிருந்தோ ஒரு வெள்ளைப் பெண் முயலை வாங்கி வந்து, துரையிடம் விடுவதற்கு முன் ஒரு மாதத்துக்கு மேல் தனிக் கூண்டில் வைத்துப் பூட்டினார். இந்தத் தடவை யாரும் சுமந்துகொண்டு வந்துவிடக் கூடாதாம்! சாவியை இடுப்பிலேயே முடிந்துகொண்டார். பையனைக்கூட மாடிப் பக்கம் விடவில்லை.

நாட்கள் போயின. மகளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது. அம்மாவும் மகளும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளாவிட்டாலும் இருவருக்கும் ஒரே பயம்தான். குட்டி எல்லாம் கருப்பாகப் பிறந்துவிட்டால்?

ஒரு நாள் மத்தியானம் மகள் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தபோது பூட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒன்றுமில்லை. உள்ளே வாங்க என்று சொன்ன பிறகும் அங்கேயே நின்றார்.

"ஏழு குட்டி. மூணு வெள்ளை."

மெஷின் நின்றது. சாவி அவரிடம்தான் இருந்தது, பார்த்ததும் அவர் ஒருவர்தான். எல்லாம் கருப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? தையல்காரம்மாவுக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா" என்றார் மருமகளைப் பார்த்து. "முயலைச் சொன்னதும் தப்பு, நீ கேட்டப்போ வாயை மூடிக்கிட்டிருந்தது அதைவிடத் தப்பு. உன் பிள்ளை யார் ஜாடையில வந்தாலும், யார் ஜாடையும் இல்லாம வந்தாலும், அது என் பேரப்பிள்ளை. நம்ம வீட்டுக்கு வாம்மா."

தையல்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் எழுந்திருக்கவில்லை. பித்தானின் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏழும் கருப்பாப் பிறந்திருந்தா மாமா?"

தையல்காரம்மாவுக்குத் திக்கென்றது. வலிய வந்து நிற்கிற மனுஷனிடம் இதையா கேட்பது என்று மகளைக் கண்ணாலேயே அதட்டினாள். மகள் அம்மா பக்கம் திரும்பவே இல்லை. பூட்டுக்காரர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். சட்டென்று ஒரு நல்ல பொய் சொல்லியிருக்கலாம், அதற்கு அவருக்கு நேரமும் இருந்தது.

"வந்திருக்க மாட்டேன்மா" என்றார். "வழியெல்லாம் அதையேதான் நினைச்சுக்கிட்டு வந்தேன். வெட்கமா இருக்கு."

மகள் ஊசியை மடித்த துணியில் குத்தி வைத்துவிட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி மெல்ல எழுந்தாள்.

"உள்ள வந்து உட்காருங்க மாமா. பையை எடுத்து வைக்கணும்."