விடுபட்ட பாடம்

பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. தபால்காரத் தாத்தாவின் இரண்டு பாதங்களும் அதில் ஊறின. நன்றாக ஊறினால்தான் அவர் நகத்தை வெட்ட முடியும். இல்லையென்றால் கட்டைவிரல் நகம் ஓடு மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கும். தாத்தா கூச்சத்தில் நெளிந்தார்.

"சும்மா இருங்க தாத்தா. ஊரெல்லாம் நடந்த காலுக்கு இப்ப என்ன கூச்சம்?" என்றாள் நெட்டை. பேச்சு தாத்தாவிடம் இருந்தாலும் கண் ஜன்னல் வழியாக வாசல் கேட்டுக்குப் போய்ப் போய் வந்தது.

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்கு நெட்டை என்றுதான் பெயர். கூட வேலை பார்ப்பவள் குட்டை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் படுக்கை விரிப்பு சரிவாகத்தான் விழும் என்று கிழவர்கள் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை நெட்டையுடையது. சபையில் ஞானஸ்நானத்துக்குத் தயார்செய்யும் சீஷத்துவ வகுப்புக்கு அவள் போகத் தொடங்கியதிலிருந்து குட்டை அதை அவளுக்காகப் பார்த்தாள். பதிலுக்குக் குட்டையின் இரவு வேலையை நெட்டை பார்த்தாள். இன்று கடைசி வகுப்பு; குட்டை வந்ததும் கிளம்ப வேண்டும். அடுத்த வாரம் ஆற்றில் ஞானஸ்நானம்.

அதற்காக அவள் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணம், பிள்ளைப்பேறு, வேலை என்று ஒவ்வொன்றாக வந்து தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. வருஷா வருஷம் கரையில் நின்று, தண்ணீரிலிருந்து ஏறி வருகிறவர்களுக்குத் துண்டு நீட்டியிருக்கிறாள். அவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கும்போது ஈரத் துண்டை வாங்கி மடித்து வைத்துக்கொள்வாள். வகுப்பில் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் கேட்டதைத் துணி அலசும்போதும் பஸ்ஸில் தொங்கும்போதும் அசைபோட்டபடியே இருப்பாள். "பேதுருகூட இவ்வளவு படிச்சிருக்க மாட்டாரு" என்பான் புருஷன்.

கேட் திறந்தது. குட்டை ஓட்டமும் நடையுமாக வந்தாள். தோளில் மகள் துவண்டு கிடந்தாள்.

"ராத்திரியிலேர்ந்து நெருப்பாக் கொதிக்குதுக்கா. ஆஸ்பத்திரிக்குக் காட்டிட்டு ஓடி வந்துடறேன்னு மேனேஜர்கிட்ட கேட்டேன். ஆள் வைக்காமப் போனா அப்படியே போயிடுங்கறாரு. நீ கெளம்புக்கா. இவள அந்தப் பெஞ்சுல படுக்க வச்சுக்கிட்டு வேலையப் பாத்துக்கறேன்."

நெட்டை குழந்தையின் கழுத்தில் கை வைத்தாள். மூச்சு உள்ளே கரகரத்தது.

"கூறுகெட்டவளே, பெஞ்சுலயா படுக்க வைப்ப? ஓடு."

"உன் வகுப்புக்கா?"

"நான் பேசிக்கறேன். நிக்காத, போ."

வகுப்பு நடத்தும் டீச்சரம்மாவுக்குப் போன் செய்தாள். "இன்னிக்கு வர முடியலைங்கம்மா. வேலை."

"வேலையா? கடைசி நாள்ல வந்து இப்படிச் சொன்னா எப்படிம்மா? வலைய விட்டுட்டு இயேசு பின்னால போனவங்களப் பத்தித்தானே படிச்சோம்? ஒரு வகுப்பு விட்டாலும் ஞானஸ்நானம் அடுத்த வருஷந்தான். எல்லாருக்கும் ஒரே சட்டம். வேற ஏதாவது காரணம் இருக்கா?"

பதில் நாக்கு நுனிவரை வந்தது. செய்த நல்லதைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்று அதே டீச்சரம்மா போன மாதம் நடத்தியதும் கூடவே வந்து நின்றது.

"இல்லைங்கம்மா" என்றாள்.

தொட்டித் தண்ணீர் சில்லிட்டுப் போயிருந்தது. அதைக் கொட்டிவிட்டு வேறு வெந்நீர் கொண்டுவந்தாள்.

குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது; தேறிவிட்டாள். குட்டைக்குத்தான் மனசு ஆறவில்லை. "எனக்காகத்தான்னு டீச்சரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"உன் பிள்ளையோட காய்ச்சலச் சொல்லி நான் ஆத்துல எறங்கணுமாடி?"

அடுத்த ஞாயிறு, விரிப்புகளை உலர்த்த மொட்டை மாடிக்குப் போன நெட்டை ஆறு இருக்கும் பக்கம் பார்த்து நின்றாள். கட்டடங்கள்தான் தெரிந்தன. ஞானஸ்நானப் பாட்டு கேட்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் லாரியின் ஹாரன்தான் கேட்டது.

அதற்கும் அடுத்த ஞாயிறு, ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்களுடைய முதல் ஊழியமாக அந்த இல்லத்துக்கே வந்தார்கள். நெட்டைதான் சக்கர நாற்காலிகளைத் தள்ளி வந்து வரிசையாக நிறுத்தினாள், எச்சில் துடைத்தாள், சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். "மனசத் தளர விடாதம்மா, அடுத்த வருஷம் இருக்கே" என்று டீச்சரம்மா அவள் தோளைத் தட்டினார். பாட்டு தொடங்கியது. எல்லா அடிகளும் அவளுக்குத் தெரியும்.

பாதிப் பாட்டில் ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். "யூனிஃபார்ம் போட்டவங்க கொஞ்சம் தள்ளிக்கங்க. படத்துல விழுறீங்க."

அவள் விலகப் பார்த்தாள். ஆனால் தபால்காரத் தாத்தா கூட்டத்தைக் கண்டு மிரண்டு அவள் கையைப் பற்றியிருந்தார். விரல்களை விடுவிக்கப் போனால் பிடி இன்னும் இறுகியது. அப்படியே நாற்காலிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"தலை தெரியுதும்மா."

இன்னும் குனிந்தாள். நெற்றி முழங்காலில் முட்டியது. ஒரு கை மட்டும் மேலே நீண்டு தாத்தாவின் பிடியில் இருந்தது. முன்னால் எல்லோரும் பாடினார்கள். குனிந்த வாக்கிலேயே அவளும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்.

"அப்படியே இருங்க," என்றது குரல், "இன்னும் ஒண்ணு எடுத்துக்கறேன்."