லெனாட் குடிக்கவில்லை

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவர் ஒரு வைத்திய நண்பர். தேத்தண்ணீர் ஆறுமுன் சொல்லி முடித்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. தொடங்கிப் பார்க்கிறேன்:

குருநகர்க் கரையில் லெனாட் தள்ளாடியபடி

(நில்லுங்கள். தலைப்பை வாசித்த பிறகும் 'நல்ல குடிவெறி' என்றுதானே நினைத்தீர்கள்? இனி அவன் மனைவி றஜனியைக் குறை சொல்ல உங்களுக்கு வாயில்லை.)

2

மகளின் முதல்நன்மைப் பூசைக்கு முன், அந்தோனியார் சுரூபத்தில் கைவைத்து, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தவன் லெனாட். இப்போது நாக்குக் குழறுகிறது, கால் பின்னுகிறது. கடலில் யாருக்கும் தெரியவில்லை. படகில் எல்லோரும்தானே ஆடுகிறார்கள். கரையில் இறங்கினால்தான் மானம் போகிறது.

"ஊது," என்றாள் றஜனி.

ஊதினான். மணமில்லை.

"மணக்காத சாமான் ஏதோ எடுத்திருக்கிறாய். என்னைப் பேய்க்காட்டாதை."

"அந்தோனியார் அறியத் தொடேல்லையடி."

"அவரை ஏன் இழுக்கிறாய்? அவருக்குச் சொன்ன பொய்தான் உன்ரை காலை இழுக்குது!"

செவ்வாய்தோறும் அவனைக் கோயிலுக்கு இழுத்துப்போய் மெழுகுதிரி கொளுத்த வைத்தாள். ஆசுபத்திரி நினைவே வரவில்லை. ஒரு செவ்வாய், பூசையில் நன்மை அப்பம் எடுக்க எழும்பியவன் விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டான். "எழும்பு, வெறிகாரா!" என்று அவள் கத்தியது பீடம்வரை கேட்டது.

3

[இங்கே கடலும் நிலவுமாக ஒரு பந்தி இருந்தது. கிழித்துவிட்டேன். இந்த நேரத்தில் நிலவு எதற்கு?]

காயத்துக்குத் தையல் போட்ட டொக்டர், லெனாட்டின் கண்மணிகள் ஆடுவதைக் கண்டார். வாய் மணக்கவும் இல்லை. அவர் விடவில்லை. படம் எடுத்தார்கள். நுரையீரலில் சின்னப் புற்று. ஒரு இருமல்கூட இல்லாமல் ஒளிந்திருந்தது.

"புற்றோடை சண்டை பிடிக்கப்போன உடம்பு, ஆள்மாறி மூளையை அடிச்சுப்போட்டுது," என்றார் டொக்டர். "புற்றுக்கு வைத்தியம் செய்யலாம். நடை பழையபடி வருமெண்டு சொல்லேலாது."

லெனாட் புற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப... நான் குடிக்கேல்லை எண்டு இவளுக்குச் சொல்லுங்கோ, டொக்டர்."

ஐயோ, அந்த நேரம் றஜனிக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது.

4

முடிவு ஒன்று: மருந்து பிடிக்கிறது, லெனாட் மறுபடி கடலுக்கு

முடிவு இரண்டு: [மாட்டேன்.]

மூன்று: ஆசுபத்திரியிலிருந்து வந்த ஓட்டோ அவர்கள் வீட்டு ஒழுங்கைத் தலைப்பில் நிற்கிறது. லெனாட் இறங்கி ஆடுகிறான். வலை திருத்திக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "இண்டைக்குக் காலமையே தொடங்கியாச்சுப்போல!" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். றஜனி கணவனின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவர்கள் பக்கம் திரும்பி வாயைத் திறக்கிறாள்.

அவள் சொன்னதை நான் எழுதவில்லை. முதல் வரியிலிருந்து நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறீர்கள். சிரிப்பை நிறுத்தினால் கேட்கும்.