கட்டிலுக்கடியில் கோழிகள்

கவிழ்த்துப் போட்ட இரும்புக் கட்டிலின் நாலு கால்களும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன, வடிவு அதைச் சுற்றிச் சுற்றி வருகிறாள், கையில் ஒரு சுருள் கம்பிவலை, பல்லிடுக்கில் கட்டுக்கம்பித் துண்டு, காலடியில் கோழிகள், கோழி என்றும் சொல்ல முடியாது குஞ்சு என்றும் சொல்ல முடியாது, கழுத்தில் பாதி இறகும் பாதி பஞ்சுமாக, பையன்களுக்கு மீசை அரும்புகிறதுபோல ஒரு பருவம், அவள் போகிற பக்கமெல்லாம் அவையும் போகின்றன, கம்பியைக் கொத்திப் பார்க்கின்றன, அவள் கால் மெட்டியைக் கொத்திப் பார்க்கின்றன, எதையும் ஒரு கொத்து கொத்தித்தான் இது என்ன என்று தெரிந்துகொள்ளும் போலிருக்கிறது, அவளும் அப்படித்தான், அம்பாசமுத்திரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாளெல்லாம் மைக்ராஸ்கோப்புக்குள் குனிந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணை அவளால் மூடிவைக்க முடிவதில்லை.

ஆனி மாதம் தெருவில் கூவி விற்றவனிடம் வாங்கிய குஞ்சுகள், பட்டப்பகலில் கீரி வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது, மறுநாள் இன்னொன்றை, ஒரு கூண்டு கட்டித் தாங்களேன் என்று அவள் புருஷன் காசிராஜனிடம் கேட்டபோது அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான், புறவாசல்ல ஒரு செங்கல் வைக்கக் கூடாதுன்னு கோர்ட்டு ஸ்டே இருக்கு, மறந்துட்டியா, அண்ணன் எப்பம்டா எப்பம்டான்னு பாத்துக்கிட்டு இருக்கான், தரையில ஊன்றி எதுவும் நிக்கக் கூடாது. அவள் யோசித்தாள், அப்பம் ஊன்றாம நின்னா? ஊன்றாம எப்பிடிட்டி நிக்கும்? உங்க பைக்கு நிக்கலையா. அவன் மோரை ஊற்றிக்கொண்டான், அந்த நிமிஷத்தில்தான் அது அவள் மனசுக்குள் வந்து நின்றது, சக்கரம் வைத்த ஒரு கூண்டு, யாருடைய மண்ணிலும் வேர்விடாத ஒன்று, இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே, தினமும் புதுப் புல், புதுப் பூச்சி, கோழிக்கும் நல்லது, கோர்ட்டுக்கும் நல்லது.

மாமனார் இருந்தவரைக்கும் ஒரே வீடு, ஒரே அடுக்களை, அவர் போன பிறகு அண்ணன் தாணுமூர்த்தியும் தம்பி காசிராஜனும் வீட்டைச் சண்டையில்லாமல் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள், புறவாசலில்தான் வந்தது வினை, கிணறு யாருக்கு, முருங்கை யாருக்கு, கோடு எங்கே விழ வேண்டும், பேசிப் பேசி வக்கீல் வீட்டுக்குப் போய்விட்டது, மாமனார் படுத்துக் கிடந்த அந்த உயரமான இரும்புக் கட்டிலைச் சாவன்று கழுவிப் புறவாசலில் வெயிலில் போட்டார்கள், நீ எடுத்துக்கோ என்று அண்ணனும் சொல்லவில்லை, நீ எடுத்துக்கோ என்று தம்பியும் சொல்லவில்லை, அது அங்கேயே கிடந்தது, மழைக்கும் வெயிலுக்கும், அதன் கம்பிகளுக்கு நடுவே புல் முளைத்து வாடி மறுபடி முளைத்தது. அதைத்தான் வடிவு கவிழ்த்துப் போட்டிருக்கிறாள், கால்களைத் தூண்களாக வைத்து வலை சுற்றினாள், மேலே தகரம் போட்டாள், கோழிகளை உள்ளே விட்டாள், அவை உள்ளே போய் அசையாமல் நின்றன, தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கீழே பார்த்தன, கட்டிலின் பட்டைக்கம்பிகளுக்கு அந்தப்பக்கம் புல் இருக்கிறது, காலுக்கு எட்டவில்லை, கீறிப் பார்க்க மண் இல்லாத இடத்தில் கோழிக்கு என்ன வேலை என்று அவளுக்கு அப்போது உறைத்தது, சிரிப்பும் வந்தது, எல்லாவற்றையும் பிரித்து, கட்டிலை அது எப்போதும் நின்றதுபோலவே நேராக நிறுத்தினாள், மேலே தகரம், காலைச் சுற்றி வலை, அடியில் வெறும் தரை, அவ்வளவுதான், கட்டில் முதலிலிருந்தே கூண்டாகத்தான் இருந்திருக்கிறது, அவளுக்குத்தான் தெரியவில்லை. மகன் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது ஓட்டிய சைக்கிளின் சக்கரங்களைத் தலைமாட்டில் வைத்து வெல்டிங் பட்டறையில் ஒட்டவைத்துக் கொண்டுவந்தாள், கால்மாட்டில் இரண்டு பைப், தூக்கிப்பிடித்துத் தள்ளினால் நகர்கிறது, கோழிகளும் உள்ளேயே கூட நடக்கின்றன, ஒரு வீடு தானாக நடப்பதைப் பற்றி அவற்றுக்கு ஆச்சரியமே இல்லை.

அந்த நாட்களில் எல்லாம் பக்கத்து அடுக்களை ஜன்னலில் ஒரு முகம் வந்து வந்து போனது, ஓரகத்தி ஆவுடையம்மாள், தாணுமூர்த்தியின் மனைவி, வடிவு கல்யாணமாகி வந்த புதிதில் ஏட்டி வடிவு, ஏட்டி வடிவு என்று வாய் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், வழக்கு வந்த பிறகு கோவிலில் எதிரே பார்த்தாலும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய்விடுகிறவள், அவள் எதைப் பார்க்கிறாள், கூண்டையா, மாமனார் கட்டிலையா, கோடு தாண்டுகிறதா என்றா, வடிவு கூண்டைத் தள்ளும்போது முருங்கைக்கு இந்தப்பக்கமே நிறுத்திக்கொண்டாள், கூண்டு நின்ற இடமெல்லாம் கட்டில் அளவுக்குப் புல் மேய்ந்து, கீறி, எருப்பட்டு, பத்து நாளில் முன்னைவிடக் கரும்பச்சையாக எழும்பியது, அடுத்தடுத்துக் கட்டில் போட்டதுபோலப் பச்சைக் கட்டில்கள், அதை யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருக்கும், காசிராஜன் நிமிர்ந்தும் பார்க்கமாட்டான், ஜன்னலில் முகம் இருக்கும், வடிவு பார்த்ததும் இருக்காது.

ஐப்பசி பிறந்து ஒரு காலையில் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது, காசிராஜன் தென்காசிக்குப் போயிருந்தான், மழை என்றால் அப்படி ஒரு மழை, வடிவின் பக்கம்தான் பள்ளம், கண் மூடித் திறப்பதற்குள் புறவாசல் குளமாகிவிட்டது, கூண்டுக்குள் கோழிகள் தண்ணீரில் நின்றுகொண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறப் பார்க்கின்றன, வலையைப் பிரித்தால் சிதறி ஓடி வெள்ளத்தில் அகப்பட்டுக்கொள்ளும், அவள் பைப்பைப் பிடித்துத் தூக்குகிறாள், சின்னச் சக்கரங்கள் சேற்றில் கத்திபோல இறங்கிவிட்டன, தள்ளினால் இன்னும் இறங்குகின்றன, முட்டி மடங்கி விழுந்து எழுந்து மறுபடி தூக்குகிறாள், அப்போது கூண்டு லேசாகியது, என்ன இது என்று தலையைத் தூக்கினால் தலைமாட்டில் ஆவுடையம்மாள் நிற்கிறாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சக்கரத்துக்கு மேலே இரும்பைப் பிடித்தபடி, முகத்தில் மழை வழிய, ம், இப்பம், என்கிறாள். ம், இப்பம், என்று இருவரும் சொல்லித்தான் இந்தக் கட்டிலில் கிடந்த மாமனாரைப் புரட்டிப் போடுவார்கள், அவள் அந்தப்பக்கம், இவள் இந்தப்பக்கம், முதுகு புண்ணாகிவிடக் கூடாது என்று, ஒரு ஆடி மாதம் முழுக்க, புரட்டியதும் அவர் ரெண்டு பேரையும் மாறிமாறிப் பார்ப்பார், கைகள் அதை இன்னும் மறக்கவில்லை, ஒரே மூச்சில் கூண்டு சேற்றைவிட்டு நாலு விரல் எழும்பியது, கோழிகள் உள்ளேயே சிறகடித்துக்கொண்டு கூட வந்தன, எங்கேக்கா, என்று வடிவு கத்தினாள், மேட்டுக்குத்தான்ட்டி, வேற எங்க, என்றாள் ஆவுடையம்மாள், மேடு முருங்கைக்கு அந்தப்பக்கம்தான் இருந்தது.

அவர்கள் அதை ஆவுடையம்மாளின் அடுக்களைச் சுவரோடு கொண்டுபோய் வைத்தபோது தாணுமூர்த்தி குடையோடு வாசலுக்கு வந்துவிட்டார், யாரைக் கேட்டு இங்க கொண்டாந்து வச்சிய, ஸ்டே இருக்குன்னு தெரியுமா தெரியாதா, இதை இப்பமே போட்டோ எடுத்து வக்கீலுக்கு அனுப்புதேன் பாரு என்று போனை நீட்டினார், வடிவு பைப்பை மறுபடி பிடித்தாள், இரு என்று அவள் கையை அமர்த்திவிட்டு ஆவுடையம்மாள் கூண்டுக்கு முன்னால் போய் நின்றாள், ஈரத் தலையை ஒதுக்கிக்கொண்டாள், எடுங்க, நல்லா எடுங்க, நானும் சேந்துதான் தூக்கினேன், என்னையும் சேத்து எடுங்க. போன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, திரையில் மழைத்துளி விழுந்து விழுந்து வழிந்தது, அவர் அதைச் சட்டையில் துடைத்தார், மறுபடி நீட்டவில்லை, தலையைத் துவட்டு, சளி பிடிக்கும், என்று யாரிடம் என்று தெரியாமல் சொல்லிவிட்டு உள்ளே போனார். வழக்கு இன்னும் நடக்கிறது, வாய்தாவுக்கு அண்ணன் தம்பி இருவரும் ஒரே பஸ்ஸில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து போய்வருகிறார்கள், ஆனால் பச்சைக் கட்டில்கள் இப்போது முருங்கையைத் தாண்டிக் கிணற்றைச் சுற்றி வந்துவிட்டன, கோடு எங்கே விழுந்தாலும் ஏதாவது ஒரு கட்டிலுக்கு நடுவில்தான் விழ வேண்டும்.

அதெல்லாம் பிறகு, அன்றைக்கு மழை கொஞ்சம் விட்டுத் தூறியபோது கோழிகள் இறகை உதறிக்கொண்டிருந்தன, கூண்டின் மூலையில் தொங்கவிட்டிருந்த கூடைக்குள் சாம்பல் நிறக் கோழி மட்டும் ஏறி உட்கார்ந்து கொக்கரித்தது, இறங்கியது, மறுபடி ஏறியது, ஏட்டி, இது முட்டை போடப் போவுது, என்று ஆவுடையம்மாள் ரகசியமாகச் சொன்னாள், இதுவரைக்கும் ஒண்ணுகூடப் போட்டதில்லைக்கா, என்றாள் வடிவு, ஒண்ணு கேக்கேன், என்றாள் ஆவுடையம்மாள், நின்னுக்கிட்டுப் போடுமா, இருந்துக்கிட்டுப் போடுமா? வடிவு யோசித்தாள், தெரியலயேக்கா. லேப்புல வேல பாக்க, இது தெரியலயா. ரத்தம்தானேக்கா பாக்கேன். இருவரும் ஈரத்தரையில் முட்டிபோட்டு வலையோடு முகத்தை ஒட்டிக்கொண்டார்கள், கோழி அவர்களைப் பார்த்தது, கண்ணை மூடியது, ஏதோ ஞாபகம் வந்து எழுந்திருக்கிறவள்போல மெல்லப் பின்பக்கத்தைத் தூக்கியது, இறகெல்லாம் விரிந்தது, ஈரமாக, பளபளவென்று, சின்னதாக ஒன்று வைக்கோலில் விழுந்தது, பாத்தியா, நின்னுக்கிட்டுத்தான், என்று ஆவுடையம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து உலுக்கினாள், இல்லக்கா, பாதிதான் எந்திரிச்சுது, காலு மடங்கித்தான் இருந்துது, நான் பாத்தேன். நின்னுச்சுட்டி, நான் என்ன குருடா. பாதிக்கா. உள்ளேயிருந்து தாணுமூர்த்தி காப்பி கேட்கிற சத்தம் வந்தது, ஆவுடையம்மாள் திரும்பாமல், இன்னொண்ணும் போடட்டும், பாத்துட்டுத்தான் வருவேன், என்று சொல்லிவிட்டுச் சேற்றிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.